சாரணர் உறுதிமொழி ஏற்பை ஆலயத்துக்குள் வைக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தேரிமண் கேட்டது:

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டை ஒட்டிய ஊரில் ஒரு திருச்சபைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி. போன வருடம் சாரண ஆசிரியருக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டு வந்து படை தொடங்கினேன். 24 பையன்கள், மூன்று அணி: கழுகு, புலி, மயில். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். கயிறு வாங்கக் காசில்லாத நாட்களில் பனைநாரிலேயே ரீஃப் முடிச்சு போட்டுப் பழகியவர்கள்.

அடுத்த மாதம் உறுதிமொழி ஏற்பு. கழுத்தில் ஸ்கார்ப் கட்டி, சின்னம் குத்தி, மூன்று விரல் உயர்த்திச் சொல்லும் நாள். இதை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்துக்குள், பீடத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று பள்ளி நிர்வாகக் குழுவில் முடிவெடுத்துவிட்டார்கள். சேகரத்து (சபை வட்டாரத்து) ஐயர், அதாவது போதகர், ஸ்கார்ப் கட்டிவிடுவார். அதுவரைக்கும் எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் ஒருவர், உறுதிமொழியில் 'கடவுளுக்கு' என்று வரும் இடத்தில் 'ஆண்டவராகிய இயேசுவுக்கு' என்று சொல்ல வைத்தால் என்ன என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அது இப்போதும் உறுத்துகிறது.

24 பேரில் 11 பேர் எங்கள் சபைப் பிள்ளைகள். 11 பேர் இந்துக்கள், இரண்டு பேர் முஸ்லிம்கள். கழுகு அணித்தலைவன்தான் படையிலேயே கெட்டிக்காரன். அவன் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு வேஷம் போட நேர்ந்து காப்புக் கட்டியிருக்கிறான். விஷயம் எப்படியோ ஊருக்குள் போய், அவன் அப்பா பள்ளிக்கு வந்தார். முருங்கைத் தோட்டம் வைத்திருப்பவர். சத்தம் போடவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னார்: "சார், உங்க பள்ளிக்கூடத்தை நம்பித்தான் அனுப்புதோம். கோயிலுக்குள்ள வந்து நிக்கச் சொல்லுங்க, நிப்பான். நானும் வந்து நிக்கேன். ஆனா வேற சாமி பேரைச் சொல்லி சத்தியம் பண்ணச் சொல்லாதீங்க. அவன் அம்மாளுக்கு நேந்தவன்."

நான் நாலு தலைமுறைச் சபைக்காரன். என் ஆச்சி மடியில் உட்கார்ந்து சங்கீதம் படித்தவன். இந்தப் பையன்களோடு சனிக்கிழமை முழுக்க வெயிலில் நிற்பதே என் விசுவாசத்தினால்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மனிதரின் முகமும் மனதை விட்டுப் போகவில்லை. ஒரு சாரணப் படையில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு இடம் எது, எல்லை எது? படை நடத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சேகரத்து இளைஞன் பதில்:

அண்ணாச்சி, நீங்கள் ஏன் இவ்வளவு தயங்குகிறீர்கள்? அந்தப் பள்ளி யாருடைய வியர்வை? நம் பாட்டிமார் உலையில் போடும் முன்னால் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்து, அதை விற்ற காசில் கட்டியது. படிக்க வந்த யாரையும் நீ எந்தச் சாமி என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதில்லை. நம் வீட்டுக்குள் நம் ஜெபத்தைச் சொல்ல யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சாரணியத்தின் வேரே கிறிஸ்தவம்தான். அதைத் தொடங்கிய பேடன் பவலின் தகப்பனார் குருப்பட்டம் பெற்றவர். அதற்கு முன்னாலேயே, 1883ல், கிளாஸ்கோவில் வில்லியம் ஸ்மித் தொடங்கிய பாய்ஸ் பிரிகேட் இருந்தது. பையன்கள் நடுவே கிறிஸ்துவின் ராஜ்யம் வளர வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா 1903ல் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னால் நின்றார். அந்த மண்ணில் இருந்துகொண்டு இயேசு என்ற பெயரைச் சொல்ல நாம் கூசலாமா? ஆலயத்தில் வையுங்கள். ஐயர் ஜெபிக்கட்டும். விருப்பமில்லாத பையன் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போகட்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பனைமரத்தடி பதில்:

நான் சாரணியராக இருந்தவள். சைவக் குடும்பம். திருச்சபை விடுதியில் தங்கித்தான் பன்னிரண்டாவது வரை படித்தேன். இப்போது திருநெல்வேலியில் வழக்கறிஞர்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் கல்வி நிலையத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. மைனர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும். அரசியலமைப்பின் 28(3) பிரிவு இது. சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தரும் 30வது பிரிவு இதை அடித்துவிடாது. அந்த அப்பா வந்து பேசியதே சம்மதம் இல்லை என்பதற்குச் சாட்சி.

ஆனால் நான் எழுத வந்தது சட்டத்துக்காக மட்டும் இல்லை. விடுதியில் தினமும் மாலை ஜெபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. கீர்த்தனைகள் இன்றைக்கும் மனப்பாடம். வார்டன் அக்கா எனக்குக் காய்ச்சல் வந்த இரவில் முழங்காலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர் யாரிடம் வேண்டினார் என்பது எனக்குத் தெரியும், அதில் எனக்கு நன்றிதான். ஆனால் உறுதிமொழி அப்படி இல்லை. அடுத்தவர் எனக்காக வேண்டுவது அவருடைய பேச்சு. உறுதிமொழி என்னுடைய பேச்சு. 'முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்' என்று எழுதிய தம்பி, பன்னிரண்டு வயதில் அப்படி முணுமுணுக்கிற பிள்ளை அன்றைக்கு என்ன கற்றுக்கொள்ளும் என்று யோசியுங்கள்.

பாளை ஓய்வாசிரியர் பதில்:

தேரிமண் தம்பிக்கு, 1984 முதல் 2016 வரை பாளையங்கோட்டையில் சாரண ஆசிரியராக இருந்தேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன். அதைச் சொல்வது கடமை.

முதல் இரண்டு வருடம் அணிவகுப்பு முடிந்ததும் நானே ஜெபம் செய்து, முடிவில் எல்லாரும் சேர்ந்து 'இயேசுவின் நாமத்தில் ஆமென்' என்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் வீட்டில் அப்படித்தான், அதனால் படையிலும் அப்படி. ஒரு நாள் பாபநாசத்தில் முகாம். இரவு பாசறைத் தீ அணைந்த பிறகு ஒரு பையன் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். தூங்கலையாடே என்றேன். "சார், சாரணன் நம்பத்தகுந்தவன்னு முதல் சட்டம் சொல்லித் தந்தீங்க. நான் தினமும் ஆமென் சொல்லுதேன். ஆனா மனசுல சொல்லல. அது பொய்தானே சார்?" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. அவனைத் தூங்க அனுப்பிவிட்டு அன்றிரவு வெகுநேரம் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது சட்டங்களில் முதலாவதை அவன் என்னைவிட ஒழுங்காகப் படித்திருந்தான். நான் அவனைத் தினமும் அந்தச் சட்டத்தை மீற வைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் ஜெபத்தின் பேரால். மலைப்பிரசங்கத்தில் சத்தியம் பண்ணுவதைப் பற்றி ஆண்டவர் என்ன சொல்கிறார்? உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல், அதற்கு மேல் போவது தீமையினால் வருவது என்கிறார். எத்தனை முறை வாசித்திருப்பேன்! ஒரு பையன் வந்து சொல்லித்தான் அது எனக்கு உறைத்தது. இயேசுவின் பெயரை விருப்பமில்லாத வாயில் வைப்பது அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதை இல்லை. உங்கள் கழுகு அணித்தலைவனின் அப்பா வராந்தாவில் நின்று சொன்னதும் இதுதான். அவர் சத்தியத்தைப் பெரிதாக நினைக்கிறவர். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் பையன் கிடைப்பது சாரண ஆசிரியனுக்குக் கொடுப்பினை.

சேகரத்து இளைஞனுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தம்பி, பாய்ஸ் பிரிகேட் பற்றி நீங்கள் எழுதியது உண்மை. 1907ல் பிரௌன்சித் தீவில் நடந்த முதல் முகாமுக்கு வந்த பையன்களிலேயே ஒரு பகுதியினர் பாய்ஸ் பிரிகேட் பையன்கள். ஸ்மித்தும் பேடன் பவலும் பழகியவர்கள். ஆனால் அதைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். வெளிப்படையான கிறிஸ்தவ அமைப்பு ஒன்று கண்ணெதிரே இருந்தும், பேடன் பவலின் சாரணர் உறுதிமொழியில் வந்தது 'கடவுள்' என்கிற பொதுச் சொல். கடவுளை விட்டுவிடவும் இல்லை, ஒரு சபைக்குள் அடைக்கவும் இல்லை. பல பிரிவினர் கலந்திருக்கும் படையில் அடுத்தவர் ஆராதனைக்குப் பையன்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது ஆரம்ப காலத்திலிருந்தே உள்ள நடைமுறை.

நம் நாட்டில் இது இன்னும் முக்கியம். 1909ல் பெங்களூரில் தொடங்கிய முதல் படை ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு. நம் பிள்ளைகளுக்கு அப்போது கதவு திறக்கவில்லை. அதனால்தான் 1916ல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள். பல கிளையாகக் கிடந்தது 1950 நவம்பர் 7ல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்று சேர்ந்தது, அடுத்த வருடம் சாரணியரும் வந்து சேர்ந்தார்கள். இன்றைய உறுதிமொழியில் 'கடவுள்' என்ற சொல்லுக்குப் பதில், விரும்புகிறவர் 'தர்மம்' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று விதியே இருக்கிறது. 'ஆண்டவராகிய இயேசு' என்று மாற்ற உங்கள் குழுவுக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை. சபைப் பையன்களுக்கென்று வெளிப்படையான கிறிஸ்தவ அமைப்பு வேண்டுமா, தாராளமாகத் தொடங்கலாம். ஓய்வுநாள் பள்ளி இருக்கிறது, கிறிஸ்தவ முயற்சி சங்கம் இருக்கிறது. அந்த வாசலில் பெயர் எழுதியிருக்கும், தெரிந்துதான் உள்ளே வருவார்கள். சாரணர் என்று எழுதிய வாசலில் கூப்பிட்டு உள்ளே வேறொன்றைக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் விசுவாசத்துக்கு இடமே இல்லையா என்று தேரிமண் கேட்கலாம். நிறைய இடம் இருக்கிறது. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அப்போது குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபமெல்லாம் சேறு. தண்ணீர் வடிந்ததும் என் படையைக் கூட்டிக்கொண்டு போனேன். போனவர்களில் பாதிக்கு மேல் சபைப் பிள்ளைகள். இரண்டு நாள் மண்வெட்டியால் அள்ளி, சட்டியில் சுமந்து வெளியே கொட்டினார்கள். மூன்றாம் நாள் ஆற்றங்கரைத் தெருக்களில் வீடு வீடாக. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஒரு தகப்பனார் என்னைப் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளையை விக்கிரகக் கோயில் கழுவவா அனுப்பினேன்?" அவர் கோபம் எனக்குப் புரிந்தது. நான் சொன்னேன்: "அண்ணாச்சி, கும்பிடச் சொல்லலை. சேறு அள்ளச் சொன்னேன். உங்க பையன் போகமாட்டேன்னு சொல்லியிருந்தா கட்டாயப்படுத்தியிருக்கமாட்டேன். ஆனா அவன்தான் முதல்ல இறங்கினான். ஏன்னு நீங்களே கேளுங்க." பையன் பக்கத்திலேயே நின்றான். "நல்ல சமாரியன் ஆளைப் பாத்தா தூக்கினான்?" என்று கேட்டான். ஓய்வுநாள் பள்ளியில் அந்தக் கதையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்தத் தகப்பனார்தான்.

ஆகவே தம்பி, உங்கள் விசுவாசத்தை மறைக்க வேண்டாம். நான் முகாமில் விடியுமுன் எழுந்து தனியாக வேதம் வாசிப்பேன். பையன்கள் பார்ப்பார்கள், கேட்டால் சொல்வேன். ஞாயிறு வந்தால் சபைப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் ஆலயத்துக்கு அழைத்துப் போக ஒருவர், வெள்ளிக்கிழமை வந்தால் முஸ்லிம் பையன்களைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப் போக ஒருவர் என்று முகாம் திட்டத்திலேயே நேரம் ஒதுக்குவேன். பாபநாசம் முகாமில் மற்றவர்கள் ஆற்றில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வருவார்கள். திரும்பி வந்ததும் 'ஸ்கவுட்ஸ் ஓன்' கூட்டம். மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வீட்டில் கற்ற ஒரு ஜெபமோ பாட்டோ குறளோ, பையன்களே சொல்ல வேண்டும். ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. அந்த அரைமணி நேரத்தில் சபைப் பையன் இயேசுவின் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது அவன் மனசு. சர்வ சமயப் பிரார்த்தனையை ஏதோ சம்பிரதாயம் போல மூன்று நிமிடத்தில் ஓட்டிவிடாதீர்கள். அதற்கு நேரம் கொடுங்கள்.

விழாவுக்கு வருவோம். பள்ளி மைதானத்தில் கொடிக்கம்பத்தடியில் வையுங்கள், சனிக்கிழமையே வையுங்கள். ஐயரை விருந்தினராக அழையுங்கள். எல்லாப் பெற்றோரையும் அழையுங்கள். ஸ்கார்ப் கட்டுவது சாரண ஆசிரியர் வேலை, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். மறுநாள் ஞாயிறு, சபைப் பையன்கள் விரும்பினால் சீருடையோடு ஆராதனைக்குப் போய் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கட்டும். மற்ற பையன்கள் அவரவர் கோயிலுக்கு அதே சீருடையோடு போகட்டும். குழுவிடம் பேசும்போது சட்டப் பிரிவைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் அந்தத் தகப்பனார் சொன்னதை அப்படியே ஐயரிடம் சொல்லுங்கள். கையில் இருக்கும் காப்பை அவிழ்க்கச் சொல்லி யாராவது பேச்செடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூரசம்ஹாரம் முடிந்ததும் அவனே அவிழ்ப்பான்.

சேகரத்து இளைஞன் பதில்:

அண்ணாச்சி, உறுதிமொழி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 'முணுமுணுத்துவிட்டுப் போகட்டும்' என்று எழுதியது தப்பு. பாபநாசத்துப் பையன் கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் ஐயர் விருந்தினராக மட்டும் வந்து வாழ்த்திவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. பள்ளியின் பெயரிலேயே திருச்சபை இருக்கிறது. பிள்ளைகளுக்காக அவர் ஒரு ஜெபமாவது செய்ய வேண்டும். பனைமரத்தடி அக்கா சொன்ன மாதிரி அது அவருடைய பேச்சுதானே?

பனைமரத்தடி பதில்:

சரிதான் தம்பி. அதற்கு அந்த அப்பாவே ஆட்சேபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கோயிலுக்குள் வந்து நிற்கிறேன் என்று அவராகத்தானே சொன்னார். ஒன்று மட்டும். ஜெபம் உறுதிமொழியோடு ஒட்டாமல், விழா தொடங்கும் முன்னாலோ முடிந்த பிறகோ இருக்கட்டும். பையன்கள் கைகூப்பலாம், சும்மாவும் நிற்கலாம் என்று தேரிமண் சார் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

தேரிமண் பதில்:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பாளை அண்ணாச்சி சொன்னபடி முதலில் ஐயர் வீட்டுக்குப் போனேன். அந்த அப்பாவின் வார்த்தைகளைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாம சத்தியம் வாங்குறதுல அவசரப்பட்டுட்டோம்" என்றார். குழுவில் அவரே பேசினார். ஒருவர் மட்டும் கடைசி வரை சம்மதிக்கவில்லை, விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு இன்னொரு முறை போக வேண்டும். அவர் பேரனும் புலி அணியில் இருக்கிறான்.

விழா சனிக்கிழமை காலை, கொடிக்கம்பத்தடியில். உறுதிமொழியில் ஒரு எழுத்தும் மாறாது. எல்லாம் முடிந்த பிறகு ஐயர் ஜெபம் செய்வார். முஸ்லிம் பையன்களின் வீட்டுக்கும் போய் வந்தேன். ஒருவனுடைய வாப்பா, துவா ஓத ஆலிம் ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்டார். வரலாம் என்று சொல்லிவிட்டேன், ஐயரும் சரி என்றார். முருங்கைத் தோட்டத்து அண்ணன் அன்றைக்கு எல்லாருக்கும் கருப்பட்டிக் காபி தன் பொறுப்பு என்கிறார்.

போன சனிக்கிழமை ஒத்திகையில் கழுகு அணித்தலைவன் என்னிடம் தனியாக வந்தான். "சார், கடவுளுக்குன்னு சொல்லும்போது நான் முத்தாரம்மனை நினைச்சுக்கிடலாமா?" என்று கேட்டான். "அந்த இடத்துல நான் யாரை நினைப்பேன்னு உனக்குத் தெரியும்லா?" என்றேன். "தெரியும் சார், இயேசப்பா" என்றான். "நான் மனசாரச் சொல்லுத மாதிரி நீயும் மனசாரச் சொல்லு" என்றேன். தலையாட்டிவிட்டு அணியைக் கூட்டிக்கொண்டு கொடிக்கயிற்றைச் சரிபார்க்கப் போய்விட்டான்.

ஸ்கார்ப் 24ம் தைக்கக் கொடுத்தாயிற்று. ஸ்கார்பைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும் வளையம், வாகிள், மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. பாளையிலோ ஜங்ஷனிலோ எந்தக் கடையில் வாங்கலாம் என்று பாளை அண்ணாச்சி சொன்னால் வெள்ளிக்கிழமை பஸ் ஏறிவிடுவேன்.